புதுநீர் ஏன் வயலுக்குப் போவதில்லை, ஊரில் கிடைக்கும் சுத்திகரித்த நீரை வயலுக்கு விடலாமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிற தரத்தில் புதுநீர் (NEWater) தயாரிக்கும் சிங்கப்பூரில் அதைக் காய்கறி விளைச்சலுக்கு ஏன் விடுவதில்லை என்பது ஒன்று. ஈசூனில் சமூகத் தோட்டம் வைத்திருப்பதால் உங்களுக்கு அது தோன்றியிருக்கிறது. கரூர்ப் பக்கம் உங்கள் தம்பியின் நிலத்துக்குப் பக்கத்து ஊர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் தருகிறோம், உரச் செலவும் மிச்சமாகும் என்கிறார்களே, வாங்கலாமா என்பது இன்னொன்று. முருங்கையும் சின்ன வெங்காயமும் வைத்திருக்கிறார், வெங்காயம் வருடா வருடம் இங்கே உங்கள் வீட்டுக்கும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது: அந்த வெங்காயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் சிங்கப்பூர்க் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இரண்டாவது புரியும். நான் படித்தது சுற்றுப்புறப் பொறியியல். வேலை பார்த்ததெல்லாம் கழிவுநீர் நிலையங்களில், பெரும்பாலும் இங்கே, கொஞ்ச காலம் தமிழ்நாட்டில். தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பயிரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், உங்கள் தம்பியின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த வேளாண் அலுவலர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

இங்கே மலக்கழிவு வயலுக்குப் போனதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கம்பத்து (கிராமக் குடியிருப்பு) நாட்களில் வாளிக் கக்கூஸிலிருந்து அள்ளியது காய்கறித் தோட்டங்களுக்கு எருவாகப் போயிற்று. வாளி முறை முழுதாக ஒழிந்தது 1987-ல்தான். பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்த வண்டியின் வாடை அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அதற்கு முன்பே, 1966-லேயே, ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1974-ல் அதைக் குடிநீர்த் தரத்துக்கு உயர்த்த ஒரு சோதனை நிலையமும் கட்டினார்கள். அன்றைய தொழில்நுட்பத்தில் செலவு கட்டுப்படியாகாமல் மறு வருடமே மூடினார்கள். சவ்வுகள் மலிவான பிறகுதான் 2003-ல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் புதுநீர் நிலையங்கள் திறந்தன. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழத்தில் ஓடும் சுரங்கச் சாக்கடை 2008-ல் முடிந்தது. நம் வீட்டுத் தண்ணீர் அதில் இறங்கிச் சாங்கி நீர் மீட்பு நிலையத்தில்தான் மேலே வருகிறது.

அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று முடித்த பின், நுண்வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, புறஊதா ஒளி என்று மூன்று கட்டங்களைத் தாண்டினால் புதுநீர். இந்த ஆர்ஓ கட்டத்தில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. கிருமியைத் தடுக்கும் அதே சவ்வு உப்பையும் தடுக்கிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) நீரில் கரைந்திருப்பது உப்புகளாகத்தான், அவையும் பெரும்பாலும் போய்விடுகின்றன. எஞ்சுவது ஏறக்குறைய மழைநீர் போன்ற வெறும் தண்ணீர். கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலைக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. பெரும்பகுதி அவர்களுக்கும், கட்டடங்களின் குளிரூட்டிக் கோபுரங்களுக்கும் போகிறது. வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். செடிக்கு ஊற்றினால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவ்வளவு செலவழித்துச் சுத்தம் செய்ததை, மறுபடி உரம் கலந்து மண்ணில் விடுவதில் பொருள் இல்லை. இன்னொரு காரணம் இன்னும் எளிது: இங்கே விடுவதற்கு வயலே இல்லை. நாட்டின் மொத்தத் தண்ணீர்த் தேவை நாளொன்றுக்குச் சுமார் 44 கோடி கேலன். விவசாயத்துக்கென்று இருக்கும் நிலமோ மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காடு அளவில். லிம் சூ காங்கில் இருக்கும் பண்ணைகளையெல்லாம் சேர்த்தாலும் சாங்கி நிலையத்தின் ஒரு மூலைத் தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்காது.

உரம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம். தழைச்சத்தில் கணிசமான பங்கைச் சுத்திகரிப்பின்போது நுண்ணுயிர்கள் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஒரு நாட்டில் எரிவாயுவை எரித்து அதே சத்தைக் காற்றிலிருந்து பிடித்து யூரியாவாக்குகிறோம். அது நெல்லாகி, சோறாகி, இங்கே வந்து சேர்ந்ததும் மின்சாரம் செலவழித்துத் திரும்பக் காற்றுக்கே அனுப்புகிறோம். மணிச்சத்தில் ஒரு பங்கு, சுத்திகரிப்பில் அடியில் தங்கும் கசட்டில் ஒட்டிக்கொள்கிறது. கசட்டை நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்துக்கொண்டு, மீதியைப் பிழிந்து எரித்து, சாம்பலைச் செமாக்காவ் தீவுக் குப்பை நிலத்தில் கொட்டுகிறார்கள். பாஸ்பேட் பாறை உலகில் சில நாடுகளிடம்தான் இருக்கிறது, கையிருப்பில் பெரும்பகுதி மொராக்கோவிடம். ஜெர்மனி பெரிய நிலையங்கள் தங்கள் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்று 2017-லேயே சட்டம் போட்டுவிட்டது, 2029-லிருந்து அது கட்டாயம். இங்கே நிலமில்லை என்பதால் எரிப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாம்பலுக்குள் இருப்பது வெறும் குப்பையில்லை.

சரி, கரூருக்கு வருவோம். ஊரில் உங்கள் தம்பிக்குக் கிடைக்கப்போவது புதுநீர் இல்லை. நுண்ணுயிர் சிகிச்சை முடிந்து, வண்டல் படிந்து, கடைசியில் குளோரின் போட்ட தண்ணீராகத்தான் இருக்கும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும், வாடையும் பெரிதாக இராது. உரம் இருக்கிறது என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால் மொத்தம் 40 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மூட்டை யூரியா. 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் அதில் வரும் மணிச்சத்து ஒரு மூட்டை டிஏபி உரத்துக்குச் சமம். பொட்டாசியம் 15 மில்லிகிராம் என்றால் பொட்டாஷ் மூட்டை ஒன்றுக்குச் சற்று மேல். ஏழை விவசாயிக்கு இது சின்னக் காசில்லை. ஆனால் நிலையம் புதியதாக, தழைச்சத்தையும் நீக்கும் வகையில் கட்டப்பட்டிருந்தால் அந்த 20 என்பது 10-க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே உரம் மிச்சம் என்று சொல்பவரிடம் முதலில் ஆய்வறிக்கையைக் கேட்க வேண்டும்.

இந்த உரத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. மூட்டையை வேண்டும்போது பிரிக்கலாம், வேண்டாதபோது கட்டி வைக்கலாம். தண்ணீரில் கரைந்து வரும் உரத்துக்குக் கட்டு கிடையாது. பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் தழைச்சத்தும் சேர்ந்தே இறங்கும். நெல்லாக இருந்தால் கதிர் முற்றும் நேரத்தில் பச்சை பிடித்து, தாள் நீண்டு சாய்ந்துவிடும். வெங்காயத்தில் கடைசி நாட்களில் தழைச்சத்து மிஞ்சினால் கழுத்து தடித்து, காயாமல், சேமிப்பில் அழுகும். உங்கள் வீட்டுக்கு வரும் வெங்காயம் சேமிப்புப் பட்டறையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய சரக்கு என்பதை மறக்காதீர்கள். கிணற்று நீரும் கையில் இருந்து, கடைசி இரண்டு மூன்று பாய்ச்சலை அதில் கொடுக்க முடிந்தால் இது சமாளிக்கக்கூடியதே.

இப்போது ஆபத்து. சந்தேகமே இல்லாத ஆபத்திலிருந்து தொடங்குகிறேன்: கிருமி, அதிலும் குடல்புழு முட்டை. பாக்டீரியாவைக் குளோரின் கொல்லும். உருண்டைப்புழு முட்டையின் ஓட்டைக் குளோரின் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சுத்திகரிக்காத சாக்கடையில் வேலை செய்யும் விவசாயக் குடும்பங்களில், குறிப்பாக வயலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளிடம், புழுத்தொற்று அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1989-லேயே லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. முட்டை கனமானது, அசையாத நீரில் அடியில் படியும். ஆகவே தண்ணீரை நேரே வயலில் திறக்காமல், ஒரு குட்டையில் ஒன்றரை வாரமாவது தேக்கி வைத்து மேல்நீரை எடுத்தால் முட்டைத் தொல்லை பெருமளவு தீரும். செலவில்லாத வேலை இது. கொசு வராமல் மீன் விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நிறுவனமே 2006-ல் பார்வையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. தண்ணீரை மட்டும் பார்க்காதே, வயலிலிருந்து வாய்வரை இருக்கும் எல்லாத் தடுப்புகளையும் சேர்த்துக் கணக்குப் பார் என்றது. தரையிலிருந்து உயரக் காய்க்கும் பயிருக்குச் சொட்டுநீர் பாய்ச்சினால் கிருமி பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். தரையோடு வளரும் பயிருக்கு அதே சொட்டுநீர் நூறில் ஒன்றாகத்தான் குறைக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் பத்தில் ஒன்று. வேகவைத்தால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. இந்த எண்களை உங்கள் தம்பி நிலத்தில் பொருத்திப் பாருங்கள். முருங்கை தலைக்கு மேலே காய்க்கிறது, தண்ணீர் வேரில் சொட்டுகிறது, யாரும் அதைப் பச்சையாகத் தின்பதில்லை, சாம்பாரில் கொதிக்கிறது. இதைவிடப் பொருத்தமான பயிர் தேட முடியாது. சின்ன வெங்காயம் மண்ணுக்குள்ளேயே வளர்கிறது, பழைய சோற்றுக்குப் பச்சையாகக் கடித்துக்கொள்கிறோம். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி எல்லாம் அந்தப் பக்கம். கரூரில் பாய் நெய்யும் கோரை நிறைய உண்டு, அதற்கு இந்தத் தண்ணீர் தாராளமாகப் போகலாம், தின்னும் பொருளே இல்லையே.

பச்சையாகத் தின்னும் பயிருக்கு விடவே முடியாதா என்றால், முடியும். கலிஃபோர்னியாவில் காஸ்ட்ரோவில் என்ற ஊரைச் சுற்றி 1998 முதல் சுமார் 12,000 ஏக்கரில் சாலட் கீரையும் ஸ்ட்ராபெரியும்கூட மீட்ட நீரில் விளைகின்றன. அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேல் ஆய்வு செய்து, கிணற்று நீரில் விளைந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே மணல் வடிகட்டியும் கடுமையான கிருமிநீக்கமும் உண்டு, தினசரிச் சோதனை உண்டு. அந்த அடுக்குகள் இல்லாத இடத்தில் அந்த உதாரணத்தைக் காட்டி யாராவது பேசினால் ஏமாற வேண்டாம்.

கிருமியைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது உப்பு. கிருமி வெயிலில் நாளுக்கு நாள் சாகும், உப்பு சாகாது. நாம் குளிப்பதிலும் துவைப்பதிலும் சமைப்பதிலும் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பைத் தண்ணீரில் ஏற்றிவிடுகிறோம், சாதாரண நிலையம் எதுவும் அதை நீக்காது. கரூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரே பல இடங்களில் உப்புதான், அதன் மேல் இது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரை மேலே சொன்ன 20 லட்சம் லிட்டர் பாய்ச்சினால் ஏக்கருக்கு இரண்டு டன் உப்பை நிலத்தில் கொட்டுகிறோம். சிங்கப்பூர் போல வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வெயில் கொளுத்தும் மேட்டு நிலத்தில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கும். வெங்காயம் உப்புக்கு மிகவும் அஞ்சும் பயிர், மண்ணின் உவர் அளவு (மின்கடத்துதிறன், மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) 1.2 தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். நெல் 3 வரை தாங்கும், பருத்தி 7-க்கு மேலும் நிற்கும். சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. அப்புறம் ஜிப்சம் போட்டு மீட்பது பல வருட வேலை. வாய்க்கால் ஓரம் வெள்ளை பூத்த பிறகு யோசிப்பதில் பயனில்லை, அதற்கு முன்பே உப்பை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கி மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: அந்த நிலையத்துக்கு வருவது வீட்டுக் கழிவு மட்டும்தானா? திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே கரூர் மாவட்டம் வரை கிணறும் நிலமும் கெட்ட கதை உங்கள் தம்பிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. சாயக்கழிவு பாதாளச் சாக்கடைக்குள் கலந்துவிட்டால் வீட்டுக் கழிவுக்கென்று கட்டிய நிலையம் அதில் ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூரில் தொழிற்சாலை எதைச் சாக்கடையில் விடலாம் என்பதற்குக் கறாரான கட்டுப்பாடு இருக்கிறது. துவாஸில் கட்டும் புதிய நிலையத்தில் ஒரு படி மேலே போய், வீட்டுக் கழிவையும் தொழிற்சாலைக் கழிவையும் தனித்தனிக் குழாயில் கொண்டுவந்து தனித்தனியாகவே சுத்திகரிக்கத் திட்டமிட்டார்கள். காரணம் இதுதான்.

அடுத்து, அறிவியல் இன்னும் முடிவுக்கு வராத விஷயங்கள். மருந்துகள்: இஸ்ரேல் தன் கழிவுநீரில் 85 விழுக்காட்டுக்கும் மேல் விவசாயத்துக்கே திருப்புகிற நாடு. அங்கே 2016-ல் வெளியான ஆய்வில், மீட்ட நீரில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் வலிப்பு மருந்தான கார்பமசெபின் தென்பட்டது, நன்னீரில் விளைந்ததற்கு மாறியதும் குறைந்தது. மருந்தாக எடுப்பவர்களிடம் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான அளவு. ஆக, செடி உறிஞ்சுகிறது, நம் உடலுக்கு வருகிறது என்பது உறுதி. அந்த அளவு கெடுதல் செய்யுமா என்பது உறுதியில்லை. என் சொந்தக் கணிப்பு, கவலைப்பட வேண்டிய பட்டியலில் இது கீழே இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இந்த நீர் வழியாகப் பரவுகின்றனவா என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது, அதை நான் அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டேன். என்றும் அழியாத ஃப்ளோரின் வேதிப்பொருட்கள் முக்கியமாகக் கசட்டில் சேர்கின்றன. அமெரிக்காவின் மெயின் மாநிலம் பல பண்ணைகள் கெட்ட பின் 2022-ல் கசட்டை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. சுவிட்சர்லாந்து அதற்கு வெகுமுன்பே நிறுத்திவிட்டது. அதனால் தண்ணீரோடு சேர்த்து 'இலவச எரு' என்று காய்ந்த கசடு கொடுத்தால், ஆய்வறிக்கை இல்லாமல் ஒரு வண்டி கூட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். புழு முட்டையும் கனஉலோகமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் கசடுதான்.

உங்கள் ஈசூன் தோட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. குளியல், துவைப்புத் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சோப்பில் சோடியமும் போரானும் இருக்கும், தொட்டி மண்ணில் அது தேங்கும். கங்குங், சாய் சிம் கீரைகள் போடும் பாத்தியில் கிருமிக் கவலையும் உண்டு. அரிசி கழுவிய தண்ணீர், அறைக் குளிரூட்டியிலிருந்து (ஏசி) சொட்டும் நீர், மழைநீர் போதும். மழைத்தொட்டிக்கு மட்டும் வலை போட்டு இறுக்கி மூடுங்கள், ஏடிஸ் கொசு பிடித்துவிட்டால் சுற்றுப்புற வாரியம் வந்து நிற்கும்.

தம்பி விஷயத்தில் என் முடிவு: முருங்கைக்கு வாங்கலாம், வெங்காயத்துக்கு வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் மூன்றை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வருடத்தின் வெவ்வேறு மாதங்களில் எடுத்த ஆய்வறிக்கை. அதில் உப்பு, சோடியம், போரான், தழைச்சத்து, ஈ.கோலை, புழு முட்டை எல்லாம் இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவு கலப்பதில்லை என்ற உறுதி. மழைக்காலத்தில் தண்ணீர் வேண்டாம் என்று நிறுத்தும் உரிமை. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக்கடை கார்த்திகை, மார்கழியிலும் அதே அளவுதான் ஓடும், நிலையத்துக்கு அதை எங்காவது தள்ளியாக வேண்டும், வாய்க்கால் திறந்திருக்கும் வயல்தான் அவர்களுக்கு வசதி. நிறுத்தும் உரிமையை எழுதித் தர மறுத்தால், முருங்கைக்கும் கிணற்று நீரே இருக்கட்டும்.